வடக்குத் தெற்காகக் கிடந்த உடல்

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருமியது. “எம். ஐ. ஜுனைதீன் அவர்கள் வபாத்தானார்கள்” என்று மோதினார் மரணத்தை அறிவித்தபோது சாய்ந்தமருதில் ஒரு காகமும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் ஜுனைதீன்கள் தென்னை மரங்களைவிடக் கொஞ்சம் அதிகம். மோதினாருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, “நம்மட காந்தச் சேர்” என்று சேர்த்தார். அந்த நேரம் நான் கடற்கரையில் மீனுக்கு நின்றேன். கரைவலை இழுத்தவர்கள் கயிற்றை விட்டார்கள். அலை பாதி வழியில் நின்றது. சாளை மீன்களும் துடிப்பதை நிறுத்திவிட்டு யாரென்று விசாரித்தன. அலையையும் மீனையும் நீங்கள் நம்ப வேண்டாம். கயிற்றை விட்டது மெய்.

நெஞ்சு நோவென்று வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தோம். “கெதியா வந்திருவன், பெட்டி ரெண்டையும் வெயில்ல வெச்சிராதீங்க” என்று சொல்லிப் போன மனிதர் வெள்ளைத் துணிக்குள் திரும்பி வந்தார்; கூட்டி வரப் போனவன் நான். வருகிற வழியில் எத்தனை சோதனைச் சாவடி உண்டோ அத்தனையிலும் வாகனத்தை மறித்தார்கள், கதவைத் திறந்தார்கள், உள்ளே என்ன என்று கேட்டார்கள். உயிரோடு இருந்த காலத்தில் அதே சாவடிகளில் அதே கேள்விக்கு அவர் சாப்பாட்டு நேரம் தவறும்வரை விளக்கம் சொல்லுவார். அன்று ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் அவர் மௌத்தானது எனக்கு உறைத்தது.

இந்த நினைவுக் குறிப்பை வாசிப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மற்றப் பாதிப் பேர் அவர் விளக்கத்துக்குப் பயந்து சந்து ஒழுங்கை மாறிப் போனவர்கள். இரண்டு பகுதியாருக்கும் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். ஆனாலும் வெளியூர் ஆட்கள் யாராவது வாசிக்கக்கூடும். அவர் பல்கலைக்கழகம் ஒன்றில் புவிப்பௌதிகவியல் படிப்பித்தார்; படிப்பிக்கிறவர் எங்களுக்குச் சேர். விடுமுறைக்கு ஊர் வருகிற மற்றவர்கள் பிள்ளைகளுக்கு உடுப்பும் இனிப்பும் கொண்டு வருவார்கள். இவர் இரண்டு பெட்டி கொண்டு வருவார். ஒரு பெட்டி, நின்ற இடத்தில் பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று அளக்கும். மற்றது, பூமியின் காந்தம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று அளக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒரு பிடி மண்ணும் கிளறாமல், காலுக்குக் கீழே மைல் கணக்கான ஆழத்தில் என்ன பாறை எப்படிக் கிடக்கிறது என்று சொல்லப் பார்ப்பதுதான் அவர் தொழில். வயிற்றைக் கீறாமல் தட்டிப் பார்த்து நோய் சொல்லும் டாக்டரைப் போல. வித்தியாசம் ஒன்றுதான். அவருடைய நோயாளி இந்த உலகம்.

நானோ கல்முனைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கிறவன். அவர் தங்கையைக் கட்டியதால் அவருக்கு மச்சான். காந்தப் பெட்டியோடு போகிறவனிடம் ஒரு குண்டூசியும் இருக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம். அப்படிப்பட்ட மனிதருக்கு, பல்லைத் தவிர மற்றதெல்லாம் இரும்பாக நடமாடும் ஒருவனை மச்சானாகக் கொடுத்தது படைத்தவனின் பகிடி என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் தடவை என்னைக் கூட்டிப்போன நாள் நினைவிருக்கிறது. ஒலுவில் கடற்கரை. காந்தப் பெட்டிக்குரிய கம்பு ஒன்றின் நுனியில் போத்தல் போன்ற ஒரு சாமானைப் பூட்டி நிமிர்த்தினார். நான் பக்கத்தில் போய் நின்றேன். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மச்சான், பெல்ட்டக் கழட்டு.”

கழற்றினேன். திறப்புக் கோர்வை, பாக்குவெட்டி, பேனாக் கத்தி, மணிக்கூடு, சில்லறை என்று ஒவ்வொன்றாக மணலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒலுவிலில் எனக்கு ஒரு கிளைக்கடை திறந்தாயிற்று. மனிதர் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

“இன்னும் என்னவோ இரிக்கி.”

“சாரத்தில குத்தின ஊசிதான் இரிக்கி. அதையும் கழட்டினா உலகத்தில வேற பிசகெல்லாம் தெரியும்.”

“கழட்டு. இஞ்ச ஆரு பாக்கிற? மீன்தான் பாக்கும்.”

ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் சொன்ன இலக்கங்களை எழுதினேன். அப்போதும் திருப்தியில்லை. “டாக்குத்தர் உனக்கு இரும்புச் சத்து கூட எண்டு சொன்னவரா? கொஞ்சம் அங்கால தள்ளி நில்லு” என்றார். பூமியைப் படிக்கப் போனவர்களில் மானத்தைப் பணயம் வைத்தவன் நான் ஒருவன்தான்.

பிசகு என்றது நான் பகிடிக்குச் சொன்ன சொல். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அளந்த இலக்கம் கணக்குப்படி வர வேண்டிய இலக்கத்திலிருந்து விலகினால் அதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு நீண்ட பெயர் இருந்தது. அன்றிலிருந்து அவர் வகுப்பில் அது பிசகுதான். ஈர்ப்புப் பிசகு, காந்தப் பிசகு. பிள்ளைகளுக்குச் சொல்லுவதை எனக்கும் சொல்லுவார்.

“பிசகு எண்டா பூமி செஞ்ச பிழையில்ல மச்சான். நாம ஒரு மாதிரி இரிக்கும் எண்டு நினைச்சம். அது வேற மாதிரி இரிக்கி. அந்த வித்தியாசத்துக்குப் பேருதான் பிசகு.”

ஈர்ப்புப் பெட்டியின் கதை வேறு. அதற்குள் ஒரு வில்லும் அதில் தொங்கும் ஒரு சின்னப் பாரமும் இருந்தன. கீழே கனத்த பாறை கிடந்தால் பாரத்தை ஒரு துளி கூடுதலாக இழுக்கும். அந்தத் துளி எவ்வளவென்றால், ஒரு தலைமயிரை எடுத்துக் கல்முனைச் சந்தையில் உள்ள எல்லாருக்கும் பங்கு வைத்து, அதில் எனக்குக் கிடைக்கிற பங்கு. பெட்டி குலுங்கக் கூடாது, சாயக் கூடாது. என் வான் வண்டியின் முன் இருக்கையில் அதைப் பிறந்த குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு அவர் இருப்பார். கல்முனையிலிருந்து மேற்கே, அம்பாறையும் கடந்து, மலை தெரிகிற இடம்வரை ஒரே கோடாகப் போவோம். மைலுக்கு ஒரு தரம் இறங்கி, பெட்டியை மட்டம் பார்த்து வைத்து, கண்ணை இடுக்கிக் குனிவார். எங்களை நத்தைகள் முந்திப் போயின. ஒரு நத்தை திரும்பி வந்து உதவி வேண்டுமா என்றும் கேட்டது.

அந்தக் கோட்டில்தான் அவர் வாழ்நாள் ஆராய்ச்சி கிடந்தது. பூமியின் மேலோட்டில் கடற்கரைப் பக்கத்துப் பகுதியும் மலைநாட்டுப் பகுதியும் ஒரு காலத்தில் வெவ்வேறு நிலத் துண்டுகள், ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டவை, ஒட்டிய இடத்தில் ஈர்ப்பு மாறும் என்பது அவர் கட்சி. விஞ்ஞானம் அதோடு நின்றிருந்தால் நல்லது. ஒரு சாவடியில் இளம் அதிகாரி ஒருவர் மடியிலிருந்த பெட்டியைக் காட்டி, என்ன செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். எங்கள் சேர் தெளிந்த சிங்களத்தில், நெஞ்சை நிமிர்த்தி, உண்மையைச் சொன்னார்.

“கிழக்கு ஒரு தனித் துண்டு, ஐயா. அதன் எல்லை எங்கே வருகிறது என்று அளக்கிறோம்.”

எந்தக் காலத்தில், எந்த நாட்டில், யாரிடம் சொல்லுகிற கதை! எங்களை ஒரு மரத்தடியில் இருத்தினார்கள். பெட்டியைச் சுற்றித் துப்பாக்கியோடு நின்றார்கள். வயதான அதிகாரி ஒருவர் வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போகச் சொல்லும்வரை நான் எனக்குத் தெரிந்த ஓதல்கள் எல்லாவற்றையும் ஓதித் தீர்த்துவிட்டு, தெரியாதவற்றையும் தொடங்கியிருந்தேன்.

“அவனில பிழையில்ல மச்சான்” என்றார் வண்டியில் ஏறியதும். “எத்தினை கோடி வருசத்துக்கு முதல் எண்டு சொல்ல நான் மறந்திட்டன்.”

வேறொரு நாள், வயல்வெளி நடுவில் பெட்டியைப் பார்த்துவிட்டு, “கீழ ஒரு உடல் கிடக்கு” என்றார். நான் செருப்பை விட்டுவிட்டுத் துள்ளி வரம்பில் ஏறினேன். அவர் சிரித்தார். பிசகுக்குக் காரணமாக மண்ணுக்குள் எது கிடந்தாலும், பாறையோ, உப்போ, இரும்போ, அவர்கள் படிப்பில் அதற்குப் பெயர் உடல். ஆங்கிலத்தில் அப்படி, அவரும் அப்படியே தமிழாக்கிக்கொண்டார். “இந்த உடல் பத்து மைல் நீளம் மச்சான். பயப்பிடாத, ஒழும்பி வராது” என்றார். அதற்குப் பிறகு அந்தச் சொல் எங்கள் இருவருக்கும் பழகிப் போயிற்று. ஊருக்குப் பழகவில்லை.

எங்கள் தெருவில் ஹாஜறா என்றொரு பிள்ளை இருக்கிறாள். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் அவள் புருஷன் இஸ்மாயில், வயலைப் பார்த்து வரவென்று மோட்டார் சைக்கிளில் மேற்கே போனான். வரவில்லை. யார் மறித்தார்கள் என்று கேட்டால் ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு பெயர் சொல்லும். அந்த வருடம் மறிப்பதற்கு ஆள் பஞ்சம் இருக்கவில்லை. ஆள் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை, ஒரு செருப்பும் இல்லை.

புருஷன் மௌத்தானால் எங்கள் பெண்கள் வெள்ளை உடுத்து, நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இத்தா இருப்பார்கள். அது முடிந்தால் துக்கத்துக்கும் ஒரு கரை கண்ட மாதிரி. ஹாஜறாவுக்கு அதைத் தொடங்கவே வழியில்லை. இஸ்மாயில் மௌத்து என்று சொல்ல எவருமில்லை. உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல ஒருவர் இருந்தார், அவனுடைய வாப்பா, வயல் சொந்தக்காரர் ஆதம்பாவாப் போடியார். தூரத்து முகாம் ஒன்றில் மகன் அடைபட்டிருக்கிறான் என்பது அவர் நம்பிக்கை. மருமகள் வெள்ளை உடுத்தால் மகனைத் தானே கொன்றதாகும் என்று சொல்லுவார். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் காதியாரிடம் போனால் ஒரு வழி உண்டென்று சிலர் ஹாஜறாவுக்குச் சொன்னார்கள். “எனக்குத் தீர்ப்பு வேணாம், ஆளு எங்க எண்டு வேணும்” என்றாளாம்.

சில வருடம் கழித்து மாடு மேய்க்கிற ஒருவர் ஒரு கதை கொண்டு வந்தார். போடியாரின் வயலோரத்து வாய்க்கால் வளைவில், அந்தக் கலவர நாட்களில், ஒரு மனிதனையும் மோட்டார் சைக்கிளையும் ஒரே கிடங்கில் தள்ளி மூடினார்கள் என்று. அவர் கண்டதில்லை, கண்டவர் சொன்னதாம். ஹாஜறா அன்றைக்கே சேரின் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

“சேர், மண்ணுக்குள்ள இரும்பு கிடந்தா உங்கட பெட்டி சொல்லுமாம்.”

“சொல்லும் மகள்.”

“ஆளு கிடந்தா?”

“ஆளச் சொல்லாது.”

“அவர் மோட்டசைக்கிளோடதான் போனவர் சேர்.”

நாடுகள் மோதிய இடத்தைத் தேடுகிற மனிதரிடம் ஒரு மோட்டார் சைக்கிளைத் தேடச் சொல்லுகிறாள் என்று நான் ஏதோ வாயைத் திறந்தேன். சேர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். “வெட்டு முடியட்டும், வயல் காயட்டும். வாறன்” என்றார் அவளிடம்.

வந்தார். அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற வயலில் கயிறு கட்டி, கோடு கோடாக நடந்தார். நான் பென்சிலால் எழுதினேன். போடியார் மண்வெட்டியோடு வந்திருந்தார். அந்த மண்வெட்டிக்காக அவரைத் துரத்தித் துரத்தி, பக்கத்து மாவட்டத்தின் எல்லையில் நிறுத்தாத குறை. ஹாஜறாவும் அவள் தங்கச்சியும் வாய்க்கால் கரையில் மருத மரத்தடியில் நின்றார்கள். வளைவு கிட்ட வந்ததும் இலக்கம் மாறத் தொடங்கியது. சேர் குறுக்காக நடந்தார், நெடுக்காக நடந்தார். கடதாசியில் கோடுகளை இணைத்துப் பார்த்தார். பிறகு, வழக்கம் போல, என்னிடம் சொன்னார்.

“மச்சான், உடல் ஒண்டு இரிக்கி. ஆழமில்ல. நினைச்சதவிடப் பெரிசு. வடக்குத் தெற்காக் கிடக்கு.”

வெளியில் காற்று இல்லாத நேரம். வெட்டின வயலில் சொல் தூரம் போகும்.

வாசிக்கிற வெளியூர் ஆட்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் மையித்தை அடக்குவது வடக்குத் தெற்காக. தலை வடக்கே, முகம் மேற்கே, மக்கா இருக்கும் கிபுலாத் திசையை நோக்கி. இஸ்மாயிலோ வாசலில் குனிந்து நுழைகிற உயரமான ஆள்.

நாங்கள் நிமிர்ந்து பார்த்தபோது மரத்தடியில் இருவரும் இல்லை. வெயில் தாங்காமல் போய்விட்டார்கள் என்று நினைத்தோம். தோண்டுவதற்கு இராணுவ முகாமில் சொல்லி அனுமதி எடுக்க வேண்டியிருந்ததால் இடத்தைத் தடி நட்டு அடையாளம் வைத்துவிட்டு ஊர் திரும்பினோம். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தங்கச்சிக்காரி ஓடி வந்தாள்.

“சேர், ராத்தா குளிச்சு வெள்ளை உடுத்திட்டா.”

“ஏன்?”

“நீங்கதானே சொன்னீங்க, உடல் வடக்குத் தெற்காக் கிடக்கெண்டு. கொன்ற கையும் அள்ளாஹ்வுக்குப் பயந்து, அவர கிபுலாவப் பாக்க வெச்சிரிக்கி எண்டு சொல்லிச் சொல்லி அழுறா. இத்தினை வருசமும் ஒரு துளி அழாதவ சேர். இண்டைக்குத்தான் அழுறா.”

சேர் கதிரையைத் தேடிப் பிடித்து இருந்தார். உடனே போய் அது அந்த உடல் இல்லை என்று சொல்லுங்கள் என்றேன் நான். எப்படிச் சொல்லுவது? கீழே கிடப்பது மோட்டார் சைக்கிளாகவும் இருக்கலாம். அதன் பக்கத்தில் அவன் இருக்கலாம். ஒரே இலக்கத்தை மண்ணுக்குள் எத்தனையோ சாமான் எத்தனையோ விதமாகக் கிடந்து கொடுக்கும் என்று ஆயிரம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர் அவர். ஓம் என்றும் சொல்ல ஏலாது, இல்லை என்றும் சொல்ல ஏலாது.

“பிசகு மண்ணுல இல்ல மச்சான்” என்றார். “என்ட வாயில.”

மறுநாள் காலை தோண்டினோம். போடியார் ஒருத்தரையும் மண்வெட்டி தொட விடவில்லை. கூலிக்கு வந்தவர்கள் கரையில் நிற்க, அந்த வயதில் அவரே வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் பிஸ்மி சொன்னார். இடுப்பளவு போனதும் மண்வெட்டி ணங்கென்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் கைகளால் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். நீளமான, தடித்த, துருப்பிடித்த இரும்புப் பலகை. வாய்க்கால் தண்ணீரை மறித்து விடுகிற துருசுக் கதவு. எந்தக் காலத்திலோ வெள்ளம் பிடுங்கிப் புதைத்திருக்க வேண்டும். அதன் கீழேயும் பக்கத்திலும் வெட்டிப் பார்த்தோம். களிமண்.

போடியார் கிடங்குக்குள் இருந்துகொண்டு அந்தக் கதவைக் கட்டிப் பிடித்தார். தாடி முழுக்கச் சேறு. “உசிரோட இரிக்கான்! பாத்தியளா, என்ட மகன் உசிரோட இரிக்கான்!” என்று வயல்வெளிக்குக் கேட்கக் கத்தினார். இரும்பை எத்தனையோ பேர் தூக்கப் பார்த்திருக்கிறேன், தட்டப் பார்த்திருக்கிறேன். முத்தமிடக் கண்டது அன்றுதான்.

சேர் கை கால் கழுவிவிட்டு நேரே ஹாஜறாவின் வீட்டுக்கு நடந்தார். வேறு ஆளை அனுப்புவோம் என்றேன், கேட்கவில்லை. அறை வாசலில் திரை கட்டியிருந்தது. நாங்கள் திரைக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

“மகள், நான் சொன்ன உடல் மனிச உடல் இல்ல. எங்கட படிப்பில இரும்பையும் உடல் எண்டுதான் சொல்லுற. அங்க கிடந்தது துருசுக் கதவு.”

உள்ளேயிருந்து கேட்டாள்.

“வடக்குத் தெற்காக் கிடக்கெண்டு சொன்னீங்களே சேர்.”

“ஓம் மகள். கதவுதான் அப்பிடிக் கிடந்திச்சி.”

“அப்ப அவர ஒருத்தரும் கிபுலாவப் பாக்க வெக்கல்லயா?”

“அது எனக்குத் தெரியாது மகள்.”

திரைக்குப் பின்னால் அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வெள்ளையை மாற்றப் போகிறாள் என்று விளங்கி நாங்கள் வாசலை விட்டு இறங்கினோம். ஒரு கணவனை ஒரு பெண் ஒரு தரம் இழப்பதைக் கண்டிருக்கிறோம். கிடைத்த கபுறுக் குழியையும் இழப்பதை அன்று கேட்டோம்.

அவரிடம் பிந்தியும் படித்தவர்கள் கவனித்திருப்பீர்கள். உடல் என்ற சொல் அவர் பாடக் குறிப்புகளில் இல்லை. எல்லா இடத்திலும் வெட்டி, திணிவு என்று எழுதியிருப்பார். ஏனென்று கேட்ட பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். காரணம் இதுதான்.

பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும், வெட்டுக்கும் விதைப்புக்கும் இடையில், ஈர்ப்புப் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுக் காந்தக் கம்போடு அந்த வயலுக்குப் போனார். மலைநாடு வரை போகிற அவருடைய பெரிய கோடு அப்படியே நின்றது. வெளிநாட்டிலிருந்து அதைப் பற்றிக் கேட்டு எழுதியவர்களுக்குப் பதில் போகவில்லை. நான் ஒரு நாள் கோபித்தேன். “நீங்க கண்டம் தேடுற மனிசன். இப்ப பழைய சாமான் பொறுக்குறீங்க.”

“கண்டம் எங்கயும் போகாது மச்சான். கோடி வருசம் கிடந்தது இன்னும் கிடக்கும்” என்றார். “அவ கிடக்க மாட்டா.”

கேள்விப்பட்டு வேறு வீட்டுப் பெண்களும் வந்தார்கள். ஒருத்தியின் மகன் துவிச்சக்கரவண்டியில் போனவன். பக்கத்துத் தமிழ் ஊர் பாண்டிருப்பிலிருந்து வந்த ஒருத்தியின் புருஷன் வெறும் காலோடு போனவர், கையில் மணிக்கூடு மட்டும். அது போதாது தங்கச்சி, மன்னிச்சுக்கொள்ளுங்க என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். அந்தப் பெண், பரவாயில்லை சேர் என்று அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

போடியார் ஒரு நாள் வரம்பில் வந்து அவரை மறித்தார். சண்டைக்கென்று நினைத்து நான் நடுவில் போனேன். கிழவர் சேரின் இரண்டு கைகளையும் பிடித்தார்.

“சேர், தேடுறத்த நிப்பாட்டுங்க. நீங்க பாக்காத இடமெல்லாம் என்ட மகன் உசிரோட இரிக்கான்.”

“போடியார், நான் இல்லை எண்டுதானே எழுதிக்கிட்டு வாறன். உங்களுக்கு அது நல்ல செய்திதானே?”

“ஓம். ஆனா நீங்க நடக்க நடக்க இடம் குறையுது சேர்.”

அன்றைக்குக் கம்பை மடக்கிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த விடுமுறையில் ஹாஜறா வந்து கேட்டாள். போனார். ஒருவர் தேடச் சொல்ல, ஒருவர் தேட வேண்டாம் என்று சொல்ல, இரண்டு பேருக்கும் நடுவில் அவர் கோடு போட்டு நடந்தார். சீனி வருத்தம், நெஞ்சு நோவு, டாக்டரின் ஏச்சு எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் என் பெல்ட்டைப் போலக் கரையில் கழற்றி வைத்துவிட்டு வயலில் இறங்குவார். வாய்க்காலுக்கு மேற்கே ஒரு முழம் பாக்கியில்லாமல் பார்த்து முடித்தார். கிழக்கே தொடங்க இருந்தார்.

அவர் மௌத்தாகி மூன்றாம் நாள், அவர் வீட்டில் குர்ஆன் கத்தம் ஓதி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, உள்ளேயிருந்து ஹாஜறா வெளியே வந்தாள். சேரின் மனைவி இத்தா இருக்கிற அறையிலிருந்து வருகிறாள் என்று தெரிந்தது. கண் சிவந்திருந்தது. என்னைக் கண்டு நின்றாள்.

“மாமி குடுத்து வெச்சவ, மாமா” என்றாள்.

மூன்று நாளைக்கு முன் புருஷனைப் பறிகொடுத்த பெண்ணைப் பற்றிச் சொல்லுகிற கதையா இது என்று எனக்குத் திக்கென்றது. அவள் நிதானமாகத்தான் சொன்னாள்.

“சேர வீட்ட கொண்டு வந்தாங்க. முகத்தப் பாத்தா. குளிப்பாட்டி, தொழுவிச்சு, கிபுலாவப் பாக்க வெச்சாங்க. எங்க வெச்சிரிக்கெண்டும் தெரியும். இத்தா நாள எண்ணிக்கிட்டு இருந்தா ஒரு நாளைக்கு முடியும்.”

நான் தலையாட்டினேன்.

“வாய்க்காலுக்குக் கிழக்கால இன்னும் பாக்கல்லயே மாமா. இனி ஆரு பாக்கிற?”

பெட்டிகளை அவருடைய பல்கலைக்கழகத்தார் முந்திய நாள்தான் வந்து ஏற்றிப் போயிருந்தார்கள். என் வாய்க்குப் பஞ்சமில்லை என்பது ஊருக்குத் தெரியும். ஜப்பானிலிருந்து யானை அளவில் ஒரு பெட்டி கப்பலேறிவிட்டது, அது ஏழு வயலை ஒரே பார்வையில் பார்க்கும் என்று ஒரு கதை அந்த நொடியே நாக்கில் வந்து நின்றது. அவள் நம்பியும் இருப்பாள். திரைக்கு இந்தப் பக்கம் ஈரக் காலோடு நின்ற மனிதர் நினைவுக்கு வந்தார். அவரும் அன்று ஒரு சொல்லில் அவளுக்கு ஒரு கபுறைக் கொடுத்திருக்கலாம். வடக்குத் தெற்கு என்ற இரண்டு சொல்லை அப்படியே விட்டிருந்தால் போதும். விடவில்லை. தெரியாததைத் தெரியாது என்று, கேட்டவரின் முகத்துக்கு நேரே, குரல் தாழாமல் சொன்னார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். வைத்திருக்க லேசான பொருள் இல்லை; என் கடையில் உள்ள எல்லா இரும்பையும்விடக் கனக்கிறது. இதில் நான் கூட்டிச் சொல்லவில்லை.

“தெரியாது மகள்” என்றேன்.

ஹாஜறா பச்சைப் பூப்போட்ட சேலையின் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.